வீபோர்க்கில் ஊறிய மை

சென்ற நவம்பரில் நான் டென்மார்க் போனது ஏழு நிமிடப் படம் ஒன்றைப் பார்ப்பதற்காக. சுற்றுலாவுக்கு ஏற்ற மாதமல்ல. மாலை நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். ஆனால் ஹேர்னிங் நகரில் வாழும் ரஞ்சினி தொலைபேசியில், "வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குப் படம் போடுறம். வாறதெண்டால் வாங்கோ அண்ணை. சரிவராட்டி திங்கட்கிழமை நான் கிடங்கு வேலைக்கு ஓம் சொல்லவேணும்," என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தவனுக்கு முடிவு தெரியாத இடத்துக்குப் போவது புதிதல்ல. போய்விட்டேன்.

ரஞ்சினியையும் அவர் கணவர் அந்தோனியையும் வேளாங்கண்ணியில் ஒரு விடுதியில் சந்தித்திருந்தேன். அவர் யாழ்ப்பாணம், கணவர் மன்னார். ஹேர்னிங்கில் ஒரு துணி ஆலையின் சாயக்கூடத்தில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவர் ரஞ்சினி. ஆலை மூடியதும், நாற்பத்து மூன்று வயதில், கணினி நிரல் எழுதப் படித்தார். இப்போது வீபோர்க் நகரில் லின் என்ற சீன இயக்குநரோடு சேர்ந்து, சீன மை ஓவியம் உயிர்பெற்று அசைவது போன்ற கணினிப் படம் ஒன்றைச் செய்து முடித்திருந்தார். ஷாங்காய் ஸ்டூடியோ ஒன்றின் கலை இயக்குநர் அதைப் பார்க்க வருகிறார். பிடித்தால் முழுநீளப் படம், இரண்டு வருட வேலை. இல்லையென்றால் கிடங்கு.

வியாழன் காலை கோபன்ஹேகனிலிருந்து ஹேர்னிங்குக்கு ரயில். மூன்றே கால் மணி நேரம். மூன்று வாரம் முன்பே எடுத்ததால் 249 குரோனர். இரவு அவர்கள் வீட்டில் தங்கினேன். மறுநாள் வீபோர்க்குக்கு அந்தோனியின் காரில் 48 கிலோமீட்டர், பனிமூட்டத்தால் ஐம்பத்தைந்து நிமிடம்.

வழியெல்லாம் அந்தோனியின் பேச்சுதான். "ஆறு மாசம் மை காயிறதைப் பாத்துக்கொண்டு இருந்தவ அண்ணை. நான் கதிரையில குந்தியிருந்து சுவர்ப் பெயின்ற் காயிறதைப் பாத்தால் மட்டும் சோம்பேறி எண்டுவா."

ரஞ்சினி சிரிக்கவில்லை. பின்னிருக்கையில் மடிக்கணினியைத் திறந்து எனக்குச் சிக்கலை விளக்கினார். லின் முதலில் செய்த மலைகளும், தீட்டாமல் வெள்ளையாகவே விட்ட ஆறும் அழகாக இருந்தன; ஆனால் மை தாளின் மேலே பூசியதுபோல நின்றது. உண்மையான மை ஓவியத்தில் அது தாளுக்குள் இறங்குகிறது, நாரைப் பிடித்துக்கொண்டு பரவுகிறது, காயும்போது ஓரம் கறுக்கிறது. சாயக்கூடத்தில் அவர் தினமும் பார்த்தது அதைத்தான்: நெடுக்கே ஓடும் பாவு நூல் வழியே சாயம் ஒரு வேகம், குறுக்கே ஓடும் ஊடை வழியே வேறு வேகம். ஆகவே மையை விட்டுவிட்டுத் தாளை எழுதினார். கணினிக்குள் நார் நாராக ஒரு தாள். அதில் கோடு போட்டால் மை தானே பரவி, தானே நிற்கிறது. எவ்வளவு பரவவேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் அளவுகோலுக்கு டேனிஷில் சொல் அகப்படாமல், ஆங்கில எழுத்தில் 'ஊறல்' என்று பெயர் வைத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் குற்றச்செய்தி எழுதிய காலத்தில் ஊறல் என்றால் கள்ளச்சாராயம். போலீஸ் வாரந்தோறும் அதை அழிக்கும். அதைச் சொன்னபோதுதான் ரஞ்சினி முதன்முறையாகச் சிரித்தார். "அப்ப இண்டைக்கும் பிடிபடுவமோ தெரியேல்லை."

வீபோர்க்கில் ஏரிக்கரையில் இருபது நிமிடம் நின்றோம். அக்கரை தெரியவில்லை. தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களில் பாதியை மூட்டம் விழுங்கியிருந்தது.

திரையரங்கு சிறியது, நாற்பது இருக்கைகள். கலை இயக்குநர் சென் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. குறிப்பேட்டை மடியில் வைத்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சரியாக இரண்டு மணிக்கு விளக்கு அணைந்தது. திரை வெள்ளையாக இருந்தது. ஐந்து நொடி. எட்டு நொடி. திடீரென்று விளக்குகள் எரிந்தன. படம் ஓட்டும் தாடிக்காரர் அறையிலிருந்து தலையை நீட்டி, கோப்பு நின்றுவிட்டது, மன்னிக்கவும் என்றார்.

லின் இருக்கையிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "நிற்கவில்லை. அது ஆறு."

அரங்கமே சிரித்தது. சென் சிரித்தாரா என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. ரஞ்சினியின் கை அந்தோனியின் சட்டைக்கையைப் பிடித்திருந்தது.

மறுபடி தொடங்கினார்கள். இம்முறை எல்லோருக்கும் அது ஆறு. பன்னிரண்டாவது நொடியில் ஒரு துளி விழுந்தது, பரவியது, ஓரம் கறுத்துப் படகானது. மழை வந்தது. படகோட்டும் பெண் கரையைத் தேடினாள். மலைகள் ஈரத்தில் பிறந்து ஈரத்தில் கரைந்தன. ஏழு நிமிடமும் நான் குறிப்பெடுக்கவில்லை. என் தொழிலில் அது அபூர்வம்.

முடிந்ததும் சென் முதல் துளியைத் திரும்பப் போடச் சொன்னார். அதை நிறுத்தச் சொல்லி, எழுந்து திரைக்கு அருகே போய் நின்றார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார், எந்தத் தாளில் வரைந்து படமெடுத்தீர்கள் என்று. தாள் இல்லை என்றார் லின். சென் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அந்த இரண்டாவது கேள்வியில் முடிவு தெரிந்துவிட்டது.

பிறகு சென் அரை மணி நேரம் ரஞ்சினியின் கணினி முன்னால் உட்கார்ந்து அளவுகோலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். முழுநீளப் படம் இங்கேயே நடக்கும் என்றார். இந்தச் சொல் என்ன என்றும் கேட்டார். ஆங்கிலப் பெயராக மாற்றித் தருவதாக ரஞ்சினி அவசரமாகச் சொல்ல, சென் கையசைத்து மறுத்தார். எங்கள் ஆட்கள் இந்தச் சொல்லைப் படித்துக்கொள்ளட்டும் என்றார்.

கார் நிறுத்தத்தில் அந்தோனி, "திங்கட்கிழமை வரைக்கும் ஏன் பொறுக்கிறாய்? இப்பவே எடு," என்றார். ரஞ்சினி கிடங்கு மேலாளருக்குத் தொலைபேசி போட்டார். பேச்சில் எனக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள், "நய் தக்": வேண்டாம், நன்றி. அவற்றை அவர் அவசரப்படாமல் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: காற்று புகாத மேலங்கியும் நனையாத காலணியும் கட்டாயம். ரயில் சீட்டை முன்பே எடுத்தால் பாதி மிச்சம். வீபோர்க்கில் கோடையில் ஏரி அழகு என்பார்கள். நீங்கள் நவம்பரில், மூட்டம் விலகுமுன் போய் நில்லுங்கள். எதிரே ஒன்றுமே தெரியவில்லையே என்று திரும்பிவிட வேண்டாம். பன்னிரண்டு நொடி பொறுங்கள். அது ஆறு.