உடுப்புகளுக்கு நடுவே ஒரு வெற்றுக் கான்

பை கட்டுவதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் பழுகாமத்தில் வளர்ந்தவள் நான். கடைசியாகத் தேவைப்படுவது அடியில், ஓடும்போது தேவைப்படுவது கைக்கு எட்டும் இடத்தில் என்பது பத்து வயதுக்கு முன்பே எனக்குத் தெரியும். அரிசிக்கு மேல் உடுப்பு, உடுப்புக்குள் சுற்றிய விளக்கு, ஓரத்தில் செருகிய தீப்பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு வாவிக்கரைக்கு நடந்து, எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்று சொல்லப்படும் மிதவையில் ஏறி, அக்கரைக்குப் போய்ச் சேர்ந்து பையைத் திறந்தால், வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். தீப்பெட்டி நனைந்ததே இல்லை.

ஆகவே, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் என்னையும் கணவரையும் கப்பலில் உல்லாசப் பயணம் கூட்டிப்போகப் போவதாகவும், என்ன கொண்டுவர வேண்டும் என்று தான் சொல்வதாகவும் குரல் செய்தி அனுப்பியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அங்கே சரியான வெக்கை, மெல்லிய பருத்தி உடுப்பாக எடுத்து வாருங்கள் என்றாள். வெயிலுக்குத் தொப்பி, தோலுக்குப் பூசும் கிறீம், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு நல்ல உடுப்பு.

"நாம என்ன நுவரெலியாவிலயா இரிக்கிறம்?" என்றார் கணவர். களுவாஞ்சிக்குடியில் பங்குனி வெயிலில் வயல் பார்க்கும் மனிதருக்குப் பருத்தி பற்றிச் சொல்லித்தர ஒரு பிள்ளை.

நான் அவள் சொன்னதற்கு நேர் எதிராகத் தொடங்கினேன். இரண்டு தடித்த சுவெட்டர், ஒரு போர்வை. வெளிநாடு போய் வந்த எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வெயில் வெளியில்தான், உள்ளே குளிரூட்டியில் பல் அடிக்கும். கப்பலும் பெரிய கட்டடம்தானே. இந்த விசயத்தில் நான் சொன்னதே சரியாக இருந்தது. முதல் இரவே சாப்பாட்டு மண்டபத்தில் மகள் என்னுடைய சுவெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சீலைகளை மடிக்காமல் சுருட்டினேன். சுருட்டினால் கசங்காது, இடமும் மிச்சம். கணவரின் சாரங்களைச் செருப்பைச் சுற்றி வைத்தேன். பிரசர் மாத்திரை, தலையிடித் தைலம், வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல், ஈர உடுப்புக்கு ஷொப்பிங் பேக்குகள். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மகள் மறுபடி அழைத்தாள். எனக்கு ஒரு நீச்சல் உடுப்பும் வாங்கச் சொன்னாள்.

எனக்கு எதற்கு என்று கேட்டேன். நனைந்தாலும் பயமில்லாமல் இருக்கத்தான் என்றாள்.

"அம்மா, நான் நீந்தப் பழகிட்டன். ஒரு வருசமாகுது. கப்பல் ஒரு தீவில நிக்கும். அங்க நான் கடல்ல இறங்குவன். நீங்க இறங்கத் தேவல்ல. கரையில இருந்து பாக்கணும். ஒருக்கா. கண்ணை மூடாமப் பாக்கணும்."

நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த மார்கழிக் காலையில் கணவர் பழுகாமத்து வயல்வட்டையில் நெல் பார்க்கப் போயிருந்தார். எங்கள் வீடு அப்போது கடற்கரைப் பக்கம். வீட்டில் நானும், இன்னும் சரியாகப் பேச்சு வராத மகளும். தேங்காயெண்ணெய் தீர்ந்த பிளாஸ்டிக் கான் ஒன்றைக் கழுவ நேரமில்லாமல், எறும்பு ஏறாதபடி மூடியை இறுக்கிக் கிணற்றுக் கட்டில் வைத்திருந்தேன். தண்ணீர் எங்களைத் தூக்கியபோது கைக்குப் பட்டதைப் பிடித்தேன். பட்டது அந்தக் கான். மகளை அதன்மேல் சாத்திப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் பிசுக்கில் கை வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு தென்னையில் தட்டி நின்றோம். கைக்கு எதுவும் படாதவர்களும் எங்கள் ஒழுங்கை வீடுகளில் இருந்தார்கள். அதற்கு மேல் இதை நான் எழுதுவதில்லை.

பிறகு நாங்கள் வீதிக்கு மேற்கே, வாவிப் பக்கம் வீடு கட்டினோம். வாவி எனக்குப் பயமில்லை. இப்போதும் பாதையில் ஏறி அக்கரைக்குப் போவேன். கடல் வேறு. உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். பேரலை எப்படி உருவாகிறது என்ற பாடத்தைப் படம் கீறி, அம்புக்குறி போட்டு, குரல் மாறாமல் முடிப்பேன். ஆனால் மகளைக் கடற்கரைக்கு விட்டதில்லை. தொலைக்காட்சியில் யாராவது கடலில் இறங்கினால் கண்ணைப் பொத்திக்கொள்வேன். அவள் சிறுமியாக இருந்தபோது என் விரல்களை விலக்கி, அந்த ஆள் வெளியே வந்துவிட்டார், பாருங்கள் என்பாள்.

இரண்டு நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பாடசாலை விட்டதும் பஸ் ஏறி, முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் போனேன். உடம்பு முழுக்க மூடும் நீச்சல் உடுப்பு எங்கள் பக்கத்தில் எங்கேயாவது இருந்தால் அங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடையில் இருந்த பெண் என்னைவிட இளையவள். நீளக் கையும் நீளக் காற்சட்டையும் வைத்த கறுப்பு உடுப்பொன்றை விரித்துக் காட்டி, துணியை இழுத்து இழுத்து விட்டாள்.

"நீந்தவா டீச்சர், சும்மா நனையவா?" என்று கேட்டாள். "நீந்தவெண்டா இது. நனையவெண்டா விலை குறைஞ்சது ஒண்டு இரிக்கி."

மகள் நீந்துவதைப் பார்க்க என்றேன்.

"பாக்கிறதுக்கு இவ்வளவு துணி என்னத்துக்கு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானே சொன்னாள், தங்கள் உம்மாவும் கடலைப் பார்த்தால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார் என்று. எந்த வருசத்திலிருந்து என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விலை கூடியதையே மடித்துக் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சூட்கேசைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். முதலிலிருந்து அடுக்கினேன். கட்டிலுக்குக் கீழிருந்த ஐந்து லீட்டர் கானை எடுத்து, மூடியை இறுக்கி, சூட்கேசின் நடுவில் வைத்தேன். இது அந்தக் கான் அல்ல. அது பிறகு மண்ணெண்ணெய்க்குப் பாவிக்கப்பட்டு, வெயிலில் வெடித்து, குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் நாங்கள் எந்த வீட்டில் இருந்தாலும் என் கட்டிலுக்குக் கீழே மூடி இறுக்கிய வெற்றுக் கான் ஒன்று இருக்கும். கானைச் சுற்றிச் சீலைகளை அடுக்கினேன். அரைவாசி இடம் அதற்கே போனது. போர்வையை எடுத்துவிட்டேன். இரண்டாவது நல்ல சீலையையும் எடுத்துவிட்டேன்.

நெல்மூடை நிறுக்கும் தராசை மாமரத்துக் கொப்பில் கட்டிச் சூட்கேசை நிறுத்துப் பார்த்தார் கணவர். தோற்றத்துக்கு ஏற்ற பாரமில்லாமல் இருக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் திறந்தார். கானை வெளியே எடுத்தார். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். அவர் பகிடி விடாத சந்தர்ப்பங்கள் குறைவு. அன்றைக்கு நிலத்தில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"கப்பலில ஆளுக்கொரு மிதவை அங்கி வெச்சிரிப்பானுகள்" என்றார்.

"அதை ஆர் தைச்சதெண்டு எனக்குத் தெரியா. இதை மூடினது நான்."

அவர் கானைத் திரும்ப வைத்தார். வைக்கும்போது மட்டும் ஒன்று சொன்னார்: "சிங்கப்பூரில சோதிக்கிறவன் கேட்டா நான் உன்ர புருசன் இல்ல. பஸ்ஸில பழக்கமான ஆள்."

அவர் பயந்தது போலவே நடந்தது. கப்பல் ஏறும் மண்டபத்தில் சூட்கேசுகள் பெட்டிபோன்ற இயந்திரத்துக்குள் போய் வந்தன. எங்களுடையதைத் தனியே எடுத்து வைத்தார்கள். சீருடை போட்ட இளைஞர் ஒருவர் சீலைகளை மரியாதையாக விலக்கி, கானைத் தூக்கி, மூடியைக் கழற்றி மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். வெளியிலிருந்து மது கொண்டுபோகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். கணவர் சுவரில் இருந்த கப்பல் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த மகளுக்கு முகம் சிவந்தது. சலித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அந்த இளைஞரிடம், தான் குழந்தையாக இருந்தபோது கடலிலிருந்து தன்னை வெளியே கொண்டுவந்தது இப்படி ஒன்று, கடலுக்குப் பக்கத்தில் போகும்போது அம்மாவுக்கு இது வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் தலையாட்டி, மூடியைப் பூட்டிக் கொடுத்தார். நான் வாங்கி இன்னொரு சுற்று இறுக்கினேன்.

மிதவை அங்கி கட்டும் பயிற்சியைக் கப்பல் வெளிக்கிடும் முன்பே செய்வித்தார்கள். நான் முன்வரிசையில் நின்றேன். கூட்டத்தில் முதலில் சரியாகக் கட்டிக் காட்டியது நான்தான் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

தாய்லாந்துத் தீவில் கப்பல் கரைக்கு வரவில்லை. தூரத்தில் நின்றது. சின்னப் படகில் இறக்கிக் கொண்டுபோய் விட்டார்கள். நான் கறுப்பு நீச்சல் உடுப்புக்கு மேலே ஒரு சட்டையைப் போட்டு, மடியில் கானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவி சிரித்தார். நானும் சிரித்தேன். அவரிடம் கான் இல்லை.

கடற்கரையில் கால் வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பலகை. நீல நிறம், பெரிய அலை, மேட்டுப் பக்கம் ஓடும் மனிதன், ஓர் அம்புக்குறி. எங்கள் ஊரில் கடற்கரை வீதியில் நிற்கும் அதே பலகை. எழுத்து மட்டும் வேறு. அதே காலையில் இங்கேயும் தண்ணீர் வந்ததென்று வகுப்பில் வரைபடம் தொங்கவிட்டு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொன்ன இடத்தில் இப்போது நின்றேன். கணவர் பலகையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்தார். இது எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று எழுதி வைத்த இடம். அம்புக்குறி காட்டிய பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். மேடு இருந்தது. வழியில் தடையொன்றும் இல்லை. திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தேன்.

மகள் கூந்தலை முடிந்துகொண்டு கடலுக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு, பிறகு தலை மட்டும். கானின் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஒரு அலை வந்து அவளை மறைத்தபோது என் இமைகள் தாமாக மூடப் பார்த்தன. விடவில்லை. அலைக்கு அந்தப் பக்கத்தில் அவள் கை உயர்ந்தது. பிறகு மற்றக் கை. அழகாக நீந்தினாள் என்று சொல்ல எனக்கு நீச்சல் தெரியாது. ஒழுங்காக நீந்தினாள். அவசரப்படாமல், மூச்சுக்குத் தலையைத் திருப்பி, கரைக்குச் சமாந்தரமாக. என் கண் எரிந்தது, தண்ணீர் வடிந்தது. ஆனாலும் திறந்தபடியே இருந்தது.

வெளியே வந்து என் முன்னால் குந்தினாள். மூச்சு வாங்கியது.

"பாத்தீங்களா?"

"ஓம்."

"முழுக்கவா?"

"முழுக்கத்தான். இடது கையைக் கொஞ்சம் கூட வீசுறாய்."

அவள் சிரித்தாள். வெயில் ஏற ஏற அவள் தோளில் உப்பு காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. மரங்களுக்குக் கீழே ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் இருந்தது. முழங்கால் உயரத்தில் வைத்திருந்தார்கள், கால் கழுவ மட்டுந்தான் சரி. தலைக்கு ஊற்ற ஒரு பாத்திரமும் இல்லை. கணவர் அங்குமிங்கும் தேடிவிட்டு என் கையிலிருந்த கானைப் பார்த்தார்.

மூடி இறுக்கமாக இருந்தது. இறுக்கியவள் நான்தானே. துவாயால் பிடித்துத் திருகிக் கழற்றினேன். கானை நிறைத்து மகளின் தலையில் ஊற்றினேன். மறுபடி நிறைத்தேன். பின்னால் நின்ற ஒரு குடும்பம் சைகையால் கேட்டது. அவர்களுடைய பிள்ளைக்கும் ஊற்றினேன். பிறகு கணவர் தலையை நீட்டினார். கடலில் கால்கூட நனைக்காத மனிதர்.

திரும்பிப் போகும் நாள் காலையில் சூட்கேசை மறுபடி அடுக்கினேன். மகள் வாங்கித் தந்த சாமான்கள் ஏறி, இடம் போதவில்லை. கப்பல் அறையின் பல்கனியில் கான் கவிழ்ந்தபடி நின்றது. கணவர் அதைத் தூக்கி வந்து, இதை என்ன செய்வது என்று கேட்டார். கானின் வாயோரத்தில் இன்னும் துளி துளியாக ஈரம் இருந்தது. மூடி என் கைப்பையில் கிடந்தது.

"உள்ளுக்கு முதல் காயட்டும்" என்றேன். "மறுகா பாப்பம்."