பூனைக்கு வைத்த விரதம்

என் கணவர் முதல் முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்ட கார்த்திகையில், எங்கள் பூனைக்கும் நான் விரதம் வைத்துவிட்டேன். அவர் சொல்லவில்லை. சாமியும் கேட்கவில்லை. எல்லாம் என் அதிகப்பிரசங்கித்தனம்.

நான் கடலூர் துறைமுகத்துப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். கட்டிக்கொடுத்தது சிதம்பரத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில். மீன்காரர் வீட்டுப் பெண்ணுக்குச் சுத்தபத்தம் தெரியாது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பு எனக்கு. மாலை போட்ட அன்றே மீன் சட்டியைப் பரணில் ஏற்றினேன். பூனையின் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். பாக்கெட் தீனி வாங்கலாமென்றால் அதன் மேலும் மீன் படம். அதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பூனை மூன்று நாள் என் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பிறகு கொடுத்ததைத் தின்னத் தொடங்கியது. பால் சோறு, தயிர் சோறு, பூஜையில் வைத்த வாழைப்பழத்தில் ஒரு துண்டு. "எங்க வீட்டுப் பூனை பழம்லாம் சாப்புடுது" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அது பசியில் தின்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை வீட்டில் பூஜை வைத்தோம். வந்த சாமிமார்களுக்கு மாதுளையும் கறுப்புத் திராட்சையும் போட்டுத் தயிர் சாதம் கிளறினேன். மிஞ்சியதைப் பூனைக்கு வைத்தேன். பழம்தானே, என்ன செய்துவிடப் போகிறது? வழித்துத் தின்றது. ஞாயிறு முழுக்க வாந்தி. வாந்தியில் திராட்சைத் தோல். சாயங்காலம் கட்டிலடியில் போய்ப் படுத்துவிட்டது. கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. அது ஒன்றுக்குப் போகும் மண் தட்டு காய்ந்தே கிடந்தது.

மாலை போட்டவரை மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அதெல்லாம் எனக்கு மறந்துபோனது. "மாமா, சீக்கிரம் வாங்க" என்று கத்தினேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு பைக்கில் கடலூருக்குப் போனோம். அங்கே அம்மாவுக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவர் இருந்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன்.

"திராட்சை மட்டும் குடுக்கவே கூடாதும்மா. பச்சையோ காஞ்சதோ, கிட்னிய அடிச்சிடும். முலாம்பழம், வாழைப்பழம் ஒரு சின்னத் துண்டு ஒண்ணும் பண்ணாது. ஆனா அது அதுக்குச் சோறு ஆவாது. பூனைக்கு இனிப்போட ருசியே தெரியாது. கவுச்சி தின்னு வாழுற ஜென்மம்." முன்காலில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார். "ஒண்ணுக்குப் போவுதான்னு பாருங்க. போனா பொழைச்சிக்கும்."

விஷயம் கேள்விப்பட்டு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். "மீன்காரி பெத்த பொண்ணு பூனைக்குப் பழம் போட்டியா? அதுக்கு யாருடி மாலை போட்டது?" நாலு பேர் பார்க்க அழுதேன். வாயில்லா ஜீவனை என் கௌரவத்துக்காகப் பட்டினி போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அம்மா வீட்டில் தங்கினோம். மருமகன் மாலை போட்டிருக்கிறார் என்று அம்மா வீட்டையே அலசிவிட்டு, மீன் வாங்குவதை நிறுத்தியிருந்தாள். தினமும் இரண்டு வேளை டாக்டரிடம் ஓடினோம். இரண்டு நாளும் பூனை ஒன்றுக்குப் போகவில்லை. "என்னால தானே" என்று ஒருமுறை என் கணவரிடம் கேட்டேன். "அதோட தட்ட நான் ஒரு நாளாவது பாத்தனா? எனக்கும் பங்கு இருக்கு" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை. அவர் குளித்து, சரணம் சொல்லி, துவைத்த கறுப்பு வேட்டியோடு டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த பூனை அவர் மடியில். திடீரென்று அவர் முகம் மாறியது. குனிந்து பார்த்தேன். வேட்டி நனைந்து, கால் வழியாக வழிந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு துளி எச்சில் தண்ணீர் பட்டாலே தீட்டு பார்க்கிறவர் அந்த நாட்களில். நான் பதறி, பூனையைத் தூக்கக் கை நீட்டினேன்.

"தொடாத, தொடாத. முழுசா போவட்டும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

டாக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பொழைச்சிடுச்சி. பசி எடுத்தா மீன் அவிச்சு முள்ளெடுத்துக் குடுங்க" என்றார். கூடவே வந்திருந்த அம்மாவை நான் பார்த்தேன், அம்மா என் கணவரைப் பார்த்தாள்.

"அத்தை," என்றார் அவர், நனைந்த வேட்டியோடு அசையாமல் உட்கார்ந்தபடி. "நல்லதா பாத்து வாங்கியாங்க. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."