அத்தைக்கு வேன் ஒத்துக்கொள்ளாது

நாலாம் வகுப்பு படித்த காலத்தில் என்னை மிகவும் தலைகுனிய வைத்தது என் அத்தையின் வாந்திதான். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. உள்ளூரிலேயே பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். திடமான ஆள். முதல்நாள் சோற்றையும் காரமான துவையலையும் வைத்தால் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். காய்ச்சல் என்று அவள் படுத்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு தீபாவளி சீசனில் திடீரென்று வேன் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். மழை பெய்தால் காட்டில் வேலை, பெய்யாவிட்டால் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மழையின் லட்சணம் தெரிந்ததுதான் என்பதால் ஊரில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிக்குத்தான் போனார்கள். விடிந்ததும் கம்பெனி வேன் வந்து நிற்கும். அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரே கம்பெனி. என் பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்ததால் நானும் அம்மாவின் மடியில் உட்கார்ந்து போவேன். எத்தனை பேர் ஏறலாம் என்று வேன் கதவுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது. அதை நான் எழுத்துக்கூட்டிப் படித்ததுண்டு. வேறு யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை.

வேன்களுக்குள் போட்டி இருந்தது. அதற்குக் காரணம் ஒரு வேப்பமரம். கம்பெனியில் பெண்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற ரூம்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் சிலவற்றின் மேல்தான் வேப்பமர நிழல் விழும். மற்ற ரூம்களில் பத்து மணிக்கு மேல் இருந்தால் உடம்பு வெந்துவிடும். செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால், நிழலில் உட்கார்ந்தவளுக்கு நாள் முழுக்கக் கை ஓடும், வெயிலில் உட்கார்ந்தவளுக்கு மத்தியானத்தோடு ஓய்ந்துவிடும். எந்த ஊர் வேன் முதலில் வருகிறதோ அந்த ஊர்க்காரர்களுக்கு நிழல் ரூம் என்று போர்மேன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சண்டை வராமல் இருப்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. உள்ளே சண்டை வரவில்லை என்பது உண்மைதான். அது ரோட்டுக்கு வந்துவிட்டது.

எங்களுக்குப் போட்டி பக்கத்து ஊரின் பச்சை வேன். இரண்டு வேன்களும் மெயின் ரோட்டில் சேர்கிற இடத்திலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் ஓட்டப்பந்தயம்தான். அந்த ரோட்டில் லாரி, டவுன் பஸ், சைக்கிள், ஆட்டு மந்தை, சோளத்தட்டை ஏற்றிய மாட்டுவண்டி என்று எல்லாமே வரும். எங்கள் டிரைவர் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே சட்டம் வைத்திருந்தார். தான் ஹாரன் அடித்துவிட்டால் எதிரே வருகிறவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வளைவு என்றால் ஹாரனைக் கொஞ்சம் நீளமாக அடிப்பார். அப்போதுதான் புதிதாக ஒரு செல்போனும் வாங்கியிருந்தார். அதில் பேசும்போது வேனை ஓட்ட மீதமிருப்பது ஒரு கைதான்.

அவரையும் முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது. பச்சை வேனை முந்தினால் பின்னால் இருந்த பெண்களே கைதட்டுவார்கள். பிந்திவிட்டால், உனக்கு மாட்டுவண்டிதான் லாயக்கு என்று கேலி செய்வார்கள். பிள்ளைகள் விழிக்கும் முன்பே எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, அரைத் தூக்கத்தில் வந்து ஏறுகிறவர்களுக்கு அந்த நிழல் எவ்வளவு பெரியது என்பதை இப்போது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

அம்மா ஒருநாள் டிரைவரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் எங்கள் தெருக்காரர்தான், அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மிகவும் மரியாதையாகச் சரி என்று தலையாட்டிவிட்டு, ஊர் எல்லைக் கோயில் வரைக்கும் மெதுவாக ஓட்டினார். இன்னொரு பெரிய மனுஷி அதட்டிப் பார்த்தாள். பயமாயிருந்தால் பஸ்ஸில் வாருங்கள் என்று பதில் வந்தது. வேன் முதலாளியிடம் போய்ச் சொன்னவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அத்தை மட்டும் யாரிடமும் போய் எதுவும் சொல்லவில்லை.

டிரைவருக்கு உயிரைப் பற்றிப் பெரிய கவலை இல்லாவிட்டாலும் சட்டையைப் பற்றி இருந்தது. ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாமியார் வீட்டில் எடுத்துக் கொடுத்த வெளிர்நிறச் சட்டைகளைத் தினம் ஒன்றாக இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். காலர் அழுக்காகாமல் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். சீட்டில் உட்காரும் முன் துணியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். அந்தச் சட்டைகளை வேனில் எல்லோரும் பார்த்தோம். அத்தை கொஞ்சம் கூர்ந்து பார்த்திருக்கிறாள்.

ஒருநாள் பச்சை வேனை விரட்டிக்கொண்டு போகும்போது அத்தை திடீரென்று டிரைவருக்குப் பின்னால் தலையை நீட்டி ஓங்கரித்தாள். அவர் பதறிப்போய்க் காலைப் பிரேக்கில் வைத்தார். வேன் மெதுவானதும் அத்தைக்கும் சரியாகிவிட்டது. மறுநாளிலிருந்து, காற்று வந்தால்தான் தனக்கு ஆகும் என்று சொல்லி, டிரைவருக்கு நேர்பின்னால் இருக்கிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு வேகம் கூடும்போதெல்லாம் அத்தைக்கு வயிற்றைப் புரட்டும். வேகம் காட்டும் முள் ஏற ஏற அவள் சத்தமும் ஏறும். அவர் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு வேகத்தைக் குறைப்பார். பெண்கள் சிரிப்பார்கள், பிறகு நிழல் போச்சே என்று திட்டுவார்கள். என்னோடு வேனில் வந்த என் வகுப்புப் பையன் பள்ளிக்கூடம் முழுக்க ஓங்கரித்துக் காட்டுவான். நான் டவுன் பஸ்ஸில் போகிறேன் என்று அம்மாவிடம் அழுது பார்த்தேன். அம்மா கண்டுகொள்ளவில்லை.

ஆனால் கல்யாணமான ஒரு பெண் தினமும் காலையில் ஓங்கரித்தால் ஊர் அதை வேனோடு மட்டும் முடிச்சுப்போட்டுப் பார்க்காது. அத்தைக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. வேனில் குசுகுசுவென்று பேச்சு ஆரம்பித்தது. விசேஷமா என்று சிலர் நேராகவே கேட்டார்கள். அத்தை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதாக அவள் மாமியார் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமா மட்டும் எதுவும் பேசாமல் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து அவள் பையில் போட்டு அனுப்புவார்.

என்னையும் அவர்கள் விடவில்லை. உனக்கு மாப்பிள்ளை வரப்போறான் என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். அத்தை மகன் முறைமாப்பிள்ளை என்பது எனக்குத் தெரியும். அத்தையும் என்னை மருமகளே என்றுதான் கூப்பிடுவாள். பிறக்கப்போகிறவன் என்னைவிடச் சின்னவனாக இருப்பானே, அவனை எப்படிக் கட்டிக்கொள்வது என்று எனக்குப் பெரிய கவலை. இருந்தாலும் உள்ளுக்குள் ஆசைதான். ஒரு மாப்பிள்ளைக்காக வாந்தியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்து, டவுன் பஸ் கேட்டு அழுவதை நிறுத்திவிட்டேன்.

தீபாவளி நெருங்கிய வாரம் அது. ஆர்டர் குவிந்து கிடந்ததால் எல்லோருக்கும் நிழல் ரூம் வேண்டியிருந்தது. மெயின் ரோட்டில் சேரும்போதே பச்சை வேன் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் வலதுபக்கம் ஏறினார். பச்சை வேன்காரன் விடவில்லை, அவனும் மிதித்தான். ரோட்டின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு இரண்டு வேன்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அந்த வேன் பெண்களின் முகமும் எங்கள் முகமும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். இரண்டு பக்கமும் கூச்சல். முன்னால் கண்மாய்க் கரை வளைவு. அத்தை வழக்கம்போல ஓங்கரித்தாள். டிரைவர் அன்றைக்குச் சட்டை செய்யவில்லை. இன்னும் கொஞ்சந்தான் அக்கா என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா என் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

அம்மாவின் கை இடுக்கு வழியாக எனக்கு அத்தை மட்டும் தெரிந்தாள். அவள் மடியில் இருந்த தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை வாய் நிறைய எடுத்தாள். இந்த நேரத்தில் இவளுக்கு என்ன தாகம் என்று நான் நினைத்தேன். அடுத்த நொடி அவ்வளவும் டிரைவரின் பின்கழுத்தில். அது பத்தாதென்று வாளியும் அவர் தோளில் கவிழ்ந்தது. அவர் ஐயோவென்று அலறி மிதித்த பிரேக்கில் நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். பச்சை வேன் முன்னால் போனது. எங்கள் வேன் அதன் பின்னால் இடதுபக்கம் ஒதுங்கவும், வளைவிலிருந்து பேப்பர் லோடு லாரி ஒன்று வந்து எங்கள் வேனின் வலதுபக்கக் கண்ணாடியைத் தட்டிப் பெயர்த்துக்கொண்டு போகவும் சரியாக இருந்தது.

வேன் ரோட்டோரத்தில் நின்றது. கைதட்டுகிறவர்கள்கூடக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்காரர் தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். திட்டுவதற்குத்தான் வந்திருப்பார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திட்டாமலே திரும்பிப் போனார். டிரைவர் இறங்கிக் கருவேல மரத்தடியில் பனியனோடு உட்கார்ந்தார். கழற்றிய சட்டை அவர் கையில் இருந்தது.

அத்தை எல்லோரிடமும் குடிதண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“குடுலே இங்க. கஞ்சிதானே, அலசுனா போயிரும்.”

அவர் சட்டையைக் கொடுத்துவிட்டு, குனிந்த தலையோடு, “அக்கா, பின்னால அம்புட்டுப் பேரும் இருந்தீகளேக்கா” என்றார். அத்தை சட்டையை அலசிப் பிழிந்து வேன் ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். அது கொடி மாதிரி ஆட, வேன் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு மிக மெதுவாகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. நிழல் ரூம் எல்லாம் பச்சை வேன்காரர்களுக்குப் போயிருந்தது. அதைப் பற்றி அன்றைக்கு ஒருத்தியும் வாய் திறக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு அவர் முந்தவே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் வளைவில் முந்தியதில்லை. வேகம் கொஞ்சம் ஏறினால் அத்தை தொண்டையைச் செருமுவாள், அது போதுமானதாக இருந்தது. இன்று அவர் சொந்தமாக வண்டி வைத்திருக்கிறார். அத்தையை எங்கே பார்த்தாலும் முதலில் காலரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், பிறகுதான் வணக்கம் வைப்பார்.

சீசன் முடிந்தது. அத்தையின் வயிறு அப்படியே இருந்தது. வேனில் பேச்சு வேறு மாதிரி மாறியது. தங்கவில்லை போல என்று சிலர் பரிதாபப்பட்டார்கள். ஏமாற்றுக்காரி என்று சிலர் சொன்னார்கள். அவள் மாமியார் கொஞ்சநாள் அவளோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடவில்லை. அது வெறும் நடிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தை டிரைவர் காதுக்குப் போய்விட்டால் அடுத்த சீசனில் யார் பிரேக் போடுவது? அத்தை சொல்லவில்லை.

எனக்கே வெகுகாலம் தெரியாது. வேலைக்குப் போய், வீட்டில் எல்லோரையும் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனபோதுதான் தெரிந்தது. மலை வளைவுகளில் வாந்தி எடுத்தது நான்தான். அத்தை ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கடலை உரித்துத் தின்றுகொண்டு வந்தாள். உனக்கு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன்.

“எனக்கு என்னைக்கு மருமகளே வண்டி ஒத்துக்கிடாமப் போச்சு?” என்றாள். முன் சீட்டிலிருந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு முதல்நாளிலிருந்தே தெரியுமாம்.

அன்றைக்கு அந்த வேனில் இருந்த அத்தனை பேருக்கும் வயது ஏறியிருக்கிறது. அது சாதாரண விஷயமில்லை. பலர் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். என் வகுப்புப் பையன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அம்மா எங்களோடு இருக்கிறாள், நான் இருக்கிறேன். அத்தைக்குக் கடைசிவரைக்கும் பிள்ளை பிறக்கவில்லை. நடக்காமல் போன விபத்துக்கு யாரும் மாலை போடமாட்டார்கள். ஊர் போடாவிட்டால் போகிறது, நான் அவளுக்குக் கடன்பட்டவள். அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டால் கூச்சப்படுவாள் என்பதால் அவ்வப்போது கொஞ்சம் கடலை வாங்கிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

நான் நாலாம் வகுப்பு படித்த அந்த வருஷத் தீபாவளியன்று காலையில் அம்மா கொடுத்தனுப்பிய பலகாரத்தோடு அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா கறி வாங்கப் போயிருந்தார். அத்தை தனியாக அடுப்படியில் இருந்தாள். நான் புதுப் பாவாடையைக் காட்டிவிட்டு, ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். மாப்பிள்ளை எப்போது வருவான்?

அத்தை அடுப்பைத் தணித்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, என் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

“அவன் வரலை மருமகளே. நீ நல்லாயிருக்கேல்ல, எனக்கு அது போதும்.”

எனக்கு அது போதவில்லை. மாப்பிள்ளை வராத கோபத்தில், அவள் கொடுத்த கம்பி மத்தாப்புப் பெட்டியை மட்டும் பிடுங்கிக்கொண்டு, மடியிலிருந்து இறங்கித் தெருவுக்கு ஓடிவிட்டேன்.