வில்லங்கத்தோடு வாங்கிய வீடு

எங்கள் வீட்டின் பின் அறைக் கதவுக்கு வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே மட்டும்தான் உண்டு. வெளியே ஒரு காலத்தில் தாழ்ப்பாள் இருந்ததற்கு அடையாளமாக ஆணி பிடுங்கிய ஓட்டைகள் இருக்கின்றன. போன வாரம் கதவுகளைச் சீர் பண்ண வந்த ஆசாரி அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டு, புதிதாக ஒரு பூட்டும் போட்டுத் தருகிறேன் என்றார். இரண்டும் வேண்டாம் என்றேன். உள்ளே யாரும் இல்லாத அறை, வெளியே பூட்ட வசதி இருந்தால் நல்லதுதானே என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் தேத்தண்ணீர் போடப் போய்விட்டேன். சொல்லத் தொடங்கினால் என் அத்தையிலிருந்து தொடங்க வேண்டும். ஆசாரிக்கு அன்று வேறு இடத்திலும் வேலை இருந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்தவள். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த அறைகளில் கடைசிக் காம்பராவில் இருந்தோம். மாமா வெகு முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. கொழுந்து பறித்து என்னை ஹட்டனில் படிக்கவைத்தாள். படிப்பு என்னை அந்த டவுனிலேயே சட்ட வேலை பார்க்கும் ஒரு புரொக்டர் ஐயாவின் கந்தோரில் குமாஸ்தாவாகக் கொண்டுபோய் உட்காரவைத்தது. ஊரார் என்னைப் புகழ்ந்தால் அத்தைக்குப் பிடிக்காது. "நாள் முழுக்க நெழல்ல உக்காந்து எழுதுறான், அதுக்கே சாயங்காலம் இடுப்பு வலிக்குதாம்" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த வாய் இல்லாவிட்டால் அவளும் நானும் அந்த லயத்தில் பிழைத்திருக்க மாட்டோம்.

மலை ஏறி ஏறி அவள் முழங்கால் போனது. தேயிலை நிரை பிடித்துப் பறிக்க முடியாமல் போனதும் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டினார்கள். பேர் இல்லாதவருக்குக் காம்பராவும் இல்லை. புதிதாகக் கல்யாணம் கட்டிய ஒரு சோடிக்கு அந்த இடம் வேண்டும் என்று தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். மனிதர் மரியாதையாகத்தான் சொன்னார், மழைக்காலம் முடியும்வரை தவணையும் கொடுத்தார். அத்தை அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, அதனால் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "ஒரு வீடு வாங்கணும் தம்பி" என்றாள், ஒரு சட்டி வாங்க வேண்டும் என்பதைப் போல. மாமா போட்ட சங்கிலியும் சீட்டுப் பிடித்துச் சேர்த்ததும் அதற்கென்றே அவளிடம் இருந்திருக்கின்றன. எனக்கு அதுவரை தெரியாது.

ஹட்டன் டவுனை விட்டுச் சற்றுத் தள்ளி, மேட்டில் ஒரு தகரக்கூரை வீடு விலைக்கு வந்தது. விற்பவர் ஒரு சிங்களக் கடைக்காரர். வியாபாரம் சரியில்லை என்று பெண்சாதி பிள்ளைகளோடு மனைவியின் ஊர்ப்பக்கம் போவதற்கு இருந்தார். அவருடைய வயதான தாயும் அங்கேதான் இருந்தார். எங்கள் ஆட்களில் யாரும் அதற்கு முன் வீடு வாங்கியதில்லை. எப்படி விசாரிப்பது என்று அத்தைக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. அதனால் தனக்குத் தெரிந்த ஒரே விசாரணையை அவள் செய்தாள். தோட்டத்தில் பெண் கொடுப்பதற்கு முன், மாப்பிள்ளை இருக்கும் தோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ போலப் போவார்கள். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள், கோயிலில் கேட்பார்கள், சவரம் செய்பவரிடம் கேட்பார்கள், கடைசியில் அந்த வீட்டுக்கே போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவார்கள். அத்தை அந்த வீட்டை அப்படியே விசாரித்தாள். கடையில் கேட்டாள், சலவைக்காரரிடம் கேட்டாள். கூரை ஒழுகுமா ஒழுகாதா என்று பார்க்க நல்ல மழையில் போய் எதிர்ப்பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். நான் சிரித்தேன். "சிரிக்காத. மாப்பிள்ள குடிகாரனா இருந்தா பொண்ணத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வரலாம். இத எங்க கொண்டுபோயி விடுறது?" என்றாள்.

விசாரணையில் எல்லாம் நல்லபடியாகவே வந்தது, ஒன்றைத் தவிர. அந்தக் கிழவியம்மா பின் அறை வாசலுக்கு நேரே ஒரு பேரிக்கன்று நட்டுக்கொண்டிருந்தாராம். மழைக்குக் காயவைத்த விறகையும் சுவரோரம் அடுக்கிவைத்திருந்தாராம். "வீட்ட விட்டுப் போறவ எதுக்குத் தம்பி கன்னு நடுறா?" என்று அத்தை என்னிடம் கேட்டாள். பிறகு அவளே, மகன்காரன் இன்னும் தாயிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, பாவம் என்று முடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. லயத்து வழக்கத்தில் ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போனால் சட்டி, பானை, ஆடு, கோழி, கிழவன், கிழவி எல்லாம் ஒரே நாளில் போகும். பேர் பதிந்தவன் போனால் அவனோடு இருப்பவர் எல்லாரும் போயாக வேண்டும். காம்பராவோடு ஒருவர் தங்குவது என்பது நாங்கள் கேள்விப்படாத விஷயம்.

புரொக்டர் ஐயா யாழ்ப்பாணத்தவர். வீடு வாங்க வருபவர்களிடம் அவர் முதலில் உறுதிப் பத்திரத்தைக் கேட்கமாட்டார். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பார். அத்தையிடமும் அப்படியே கேட்டார். அவள் வீட்டு ஆட்களைச் சொல்லி, எல்லாரும் போகிறார்கள் என்று சொல்லி, பேரிக்கன்றுக் கதையையும் சேர்த்துச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நாளைக்கே நுவரெலியாவுக்குப் போம்" என்று என்னிடம் சொன்னார். நானுஓயாவில் ரயிலை விட்டிறங்கி, வேன் பிடித்து, காணிப் பதிவுக் கந்தோருக்குப் போய் அந்த வீட்டின் பழைய பதிவுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். வீடு முதலில் அந்தத் தாயின் பேரில் இருந்தது. அவர் மகனுக்கு நன்கொடையாக எழுதியபோது, பின் அறையிலும் கிணற்றுக்குப் போகும் வழியிலும் தனக்குச் சீவிய உரித்து வைத்து எழுதியிருந்தார்.

புரொக்டர் ஐயா அதை அத்தைக்கு நிதானமாகவே விளக்கினார். "அம்மா, அவ மகனோட சேந்தவ இல்லை, வீட்டோட சேந்தவ. வீடு ஆருடைய கைக்குப் போனாலும் அந்த அறை அவவுக்குத்தான், சாகுமட்டும். ஒருத்தரும் எழுப்பேலாது." அத்தை அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நான் அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, இது வில்லங்கமுள்ள வீடு, நமக்கு வேண்டாம், வேறு பார்க்கலாம் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிழவிக்கு இப்படி ஓர் எழுத்து எழுதிக் கொடுப்பார்களா, தோட்டத்துத் துரை வந்தாலும் எழுப்ப முடியாதா என்று ஐயாவிடம் கேட்டாள். துரை வந்தாலும் முடியாது என்றார் அவர்.

கடைக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் பதறிப்போனார். மறைக்கவில்லை, தாயும் கூடவே வருவதால் சொல்லத் தோன்றவில்லை என்றார். பொய் சொன்னார் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. கடை விழுந்துகொண்டிருந்த மனிதர், சுமை இறங்கினால் போதும் என்று இருந்தார். தாய் தன் உரித்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தால் வில்லங்கம் தீர்ந்தது, அடுத்த வாரமே அழைத்து வருகிறேன் என்று சொல்லிப் போனார். சொன்னபடி அழைத்தும் வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மழை ஓயப் போகிறது, தவணை முடியப் போகிறது, இனி வேறு வீடு தேட நாள் இல்லை என்ற கவலையிலேயே நான் இருந்தேன்.

அந்தம்மா வெள்ளைச் சேலையில், ஈரக் குடையை மடியிலேயே வைத்துக்கொண்டு கந்தோர்க் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எழுத்து தயாராக இருந்தது. புரொக்டர் ஐயா சிங்களத்தில் வாசித்துக் காட்டி, மனம் ஒத்துத்தான் செய்கிறீர்களா என்று கேட்டார். மகன் சொன்னால் செய்வேன் என்றார் அந்தம்மா. மகன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைநாட்டுக்கான மைப்பெட்டியைத் திறந்து முன்னால் வைத்தேன். அப்போது அத்தை, கடைத்தெருவில் கற்ற தன் உடைந்த சிங்களத்தில், "அம்மே, எஹே காமரயக் தியனவாத?" என்று கேட்டாள். அங்கே உங்களுக்கு ஓர் அறை இருக்கிறதா என்று அர்த்தம். அந்தம்மா மகனைப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. "தன்னே நே," தெரியாது என்றார்.

அத்தை எழுந்துபோய் மைப்பெட்டியை மூடினாள். "வேணாங்க ஐயா. அந்த எழுத்து இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அவளுக்கே அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "மாமியா இல்லாத எடமாப் பாத்தா ஒரு பொண்ணக் குடுக்க முடியுமா? கூடத்தான் இருப்பாங்க. இருக்கட்டும்" என்று சிரித்தாள். புரொக்டர் ஐயாவும் சிரித்துவிட்டார். உடனேயே முகத்தை மாற்றிக்கொண்டு, இப்படி ஒரு பாரத்தோடு வாங்குகிறபடியால் விலையைக் குறைக்கத்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் பேசி ஓரளவு குறைத்தும் வைத்தார். அத்தையின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கெல்லாம் வில்லங்கம் தேடிக் கொடுக்கிறவன் நான், என் சொந்த அத்தை கண்ணைத் திறந்துகொண்டே அதை வாங்குகிறாள். பஸ்ஸில் திரும்பும்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, மகன் வாசலை விட்டு இறங்கிப் போகிற நாளில் அந்தம்மா எதைச் சமைப்பாரோ என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள்.

அந்தம்மா மகனோடு போகவில்லை. நாங்கள் குடிபோன முதல் நாளில் அத்தை செய்த முதல் வேலை, ஒரு கிண்ணத்தில் பருப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பின் அறைக் கதவைத் தட்டியதுதான். பதில் வரும்வரை வெளியிலேயே நின்றாள். வெளித் தாழ்ப்பாளை ஏன் பிடுங்கினீர்கள் என்று ஒரு நாள் அந்தம்மாவிடம் கேட்டதற்கு, யாரும் என்னை உள்ளே வைத்துப் பூட்டவும் கூடாது, வெளியே விட்டுப் பூட்டவும் கூடாது என்றாராம். அத்தை அதை என்னிடம் சொல்லிச் சொல்லி ரசித்தாள். இருவரும் ஒட்டிப் பிறந்தவர்களைப் போல இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். கருவாடு வறுக்கும் புகைக்காகச் சண்டை, கிணற்றடிப் பாசிக்காகச் சண்டை. ஒருவர் சிங்களத்திலும் ஒருவர் தமிழிலும் திட்டிக்கொள்வார்கள், இருவருக்கும் முழுதாகப் புரியாததால் சண்டை சீக்கிரம் முடியும். ஆனால் என்ன சண்டையானாலும் அத்தை கதவைத் தட்டாமல் அந்த அறைக்குள் போனதில்லை. கடைசி நோவில் அந்தம்மா படுத்திருந்தபோது, கஞ்சியோடு போனவள் அப்போதும் தட்டினாள். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

அந்தம்மா இறந்த பிறகு அத்தை அந்த அறையில் படுக்கத் தொடங்கினாள். சில ஆண்டுகள் கழித்து, நாட்டுரிமை இல்லாதவர்களில் எத்தனை பேர் இந்தியாவுக்குப் போவது, எத்தனை பேர் இங்கே இருப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்த செய்தி வந்தது. எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அத்தையின் விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. கப்பல் என்ற சொல் இல்லாமல் அப்போது எங்கள் ஆட்கள் பேசியதில்லை. தான் போக நேர்ந்தால் வீடு கைவிட்டுப் போய்விடக் கூடாதென்று, அத்தை அதை என் பேருக்கு எழுதக் கந்தோருக்கு வந்தாள். எழுதும்போது, அந்தம்மாவுக்கு எழுதிய அதே வரியைத் தனக்கும் எழுதச் சொன்னாள். பின் அறையும் கிணற்றுக்குப் போகும் வழியும், சாகும்வரை.

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. என்னை நம்பவில்லையா என்று புரொக்டர் ஐயாவின் முன்னாலேயே கேட்டுவிட்டேன். "ஒன்னய நம்பாம யார நம்பப் போறேன்" என்றாள் அத்தை. "ஆனா தம்பி, பொறந்ததுலருந்து யாரு சொன்னாலும் எந்திரிச்சுப் போற எடத்துலதான் படுத்திருந்தேன். இங்க வந்துதான் எந்திரின்னு சொல்ல ஆளில்லாமப் படுத்தேன். அத விட்டுட்டுச் சாக மனசில்ல. சொல்றது நீயா இருந்தாலும் சரி." புரொக்டர் ஐயா, இந்த எழுத்து வீட்டைப் பெறுகிற என்னை மட்டும்தான் கட்டும், அரசாங்கத்தைக் கட்டாது, கப்பலை மறிக்காது என்றார். தெரியுங்க ஐயா, கப்பல் வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்றாள் அவள்.

கப்பல் வருவதற்குள் அவள் போய்விட்டாள், அந்த அறையிலேயே, தூக்கத்தில். யாரும் அவளை எழுப்பவில்லை.

இப்போது வீட்டை என் மகள் பேருக்கு எழுத வேண்டும். அதற்காகப் போன வாரம் ஓர் இளம் சட்டத்தரணியிடம் போயிருந்தேன். பதிவுகளையெல்லாம் பார்த்துவிட்டு, பழைய உரித்துகள் எல்லாம் ஆளோடு முடிந்துவிட்டன, சுத்தமான உறுதி, ஒரு வில்லங்கமும் இல்லை ஐயா என்றார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார், நானும் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்தபோது பேரி மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆசாரி வர்ணம் பூசி முடித்துப் போயிருந்தார். சொன்னபடி அந்த ஆணி ஓட்டைகளை அடைக்காமல் விட்டிருந்தார். அறைக்குள் ஒரு பழைய பெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கதவைத் தட்டினேன். சற்று நேரம் வெளியில் நின்றேன். பிறகுதான் திறந்தேன்.