கேட்காமலே எழுதப்பட்ட விடுதலைப் பத்திரம்

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. பெங்களூருவின் தெற்கு ஓரத்தில் ஒரு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

என் அப்பா ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, சொந்தச் சம்பாத்தியத்தில் சின்னதாக சைட் வாங்கி மாடி வீடு கட்டியவர். உயில் எழுதவில்லை. திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அந்த வீட்டில் அம்மாவும் அண்ணன் குடும்பமும் இருந்தார்கள். நான் கல்யாணமாகி எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அண்ணன் போன் செய்தான். "பாப்பா, வீட்டு வரி ரசீது இன்னும் அப்பா பேர்லயே வருது. பேர் மாத்த நீயும் அம்மாவும் ஒரு கையெழுத்து போடணும். அரை மணி நேர வேலைதான்."

நான் கம்பெனியில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கிறவள். ஒரு வரி இடறினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான், அன்று அந்த ஆபீஸில் அண்ணன் நீட்டிய காகிதக் கட்டை வாங்கி, "எந்த எந்தப் பக்கத்துலண்ணா?" என்று மட்டும் கேட்டேன். எல்லாம் கன்னடம். எனக்குப் பேச வரும், படிக்க வராது. அம்மா ஏற்கனவே எல்லாப் பக்கத்திலும் தமிழில் பெயரை எழுதி முடித்திருந்தார். எங்கள் டோக்கன் எப்போது வரும் என்று பார்க்க அண்ணன் போனான்.

பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு கன்னடத்து அம்மா, தன் வேலையாக உட்கார்ந்திருந்தார். என் மடியில் இருந்ததைப் பார்த்தவர், "நீங்களும் அண்ணனுக்கு விட்டுக் குடுக்கறீங்களா?" என்றார் தமிழில்.

"எதை?"

"மேலயே போட்டிருக்கே, ஹக்கு பிடுகடே பத்ரான்னு. உங்க உரிமை, உங்கம்மா உரிமை ரெண்டும் வேணாம்னு எழுதியிருக்கு. நானும் இப்படித்தான் ஸைன் போட்டேன். இப்ப எங்கண்ணன் வீட்ல எனக்கு கேட் திறக்கறதில்ல."

முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். அம்மா சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

அண்ணன் திரும்பி வந்ததும் கட்டை அவன் முன்னால் நீட்டினேன். "இது பேர் மாத்தற பத்திரமா?"

"எல்லாம் ஒண்ணுதான். கத்தாதே, நாலு பேர் பாக்கறாங்க. உனக்குத்தான் கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சாச்சே."

"அம்மாவுக்கு எந்தக் கல்யாணத்துக்குடா செஞ்சே?"

அதுவரை அவனை நான் டா போட்டதே இல்லை.

அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். படித்துப் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டீர்களா என்று அதிகாரி வழக்கம்போல் கேட்டார். நான் கன்னடத்தில் சத்தமாகவே சொன்னேன், எங்களிடம் பொய் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள், நான் போட மாட்டேன் என்று. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "நனகே கொத்தில்லா சார், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அதிகாரி பத்திரத்தை அப்படியே திருப்பித் தள்ளிவிட்டார்.

வெளியே ஓடி வந்தேன். அந்தப் பெண்மணியின் முறை வந்து அவர் வேறு அறைக்குள் போயிருந்தார். அம்மா படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டதால் காத்திருக்க முடியவில்லை. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

பிறகு ஒரு வக்கீலைப் பார்த்தோம். உயில் இல்லாவிட்டால் அப்பாவின் வீட்டில் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு, மகள் கல்யாணமாகிப் போனதால் அது போய்விடாது என்றார். உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஒருமுறை பதிவாகிவிட்டால் அதை ரத்து செய்ய கோர்ட்டுக்கு அலைய வேண்டும், ஜெயிப்பதும் நிச்சயமில்லை என்றார். பெயர் மாற்றத்துக்கோ வாரிசுச் சான்றிதழே போதுமாம். அம்மா வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "எனக்கும் பங்கு இருக்குன்னு இத்தனை வருஷம் யாருமே சொல்லலையே."

இன்று அந்த வீடு மூன்று பேர் பெயரில் இருக்கிறது. அம்மா அங்கேயேதான் இருக்கிறார். அண்ணன் என்னுடன் பேசுவதில்லை. அவன் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் ஆறிவிட்டது. ஆனால் கூடப் பிறந்தவன் நீட்டும் காகிதத்தைப் படித்துப் பார்த்தால் அவனைச் சந்தேகப்படுவதாகிவிடும் என்று எனக்குள் ஊறிப்போயிருந்ததே, அதன் மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.