ஜிப்புக்காரர் திறந்துவிட்ட பின்கதவு

ஒரு மணி நேரத்துக்கு அறுநூறு பேர். இந்த எண்ணை மனதில் வையுங்கள். ஒரு தெருவில் இத்தனை பேர் நடந்தால்தான் அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனி அங்கே கடை போடும். போட்டதும் வரிசை முழுக்க வாடகை ஏறும். நடப்பது ஜனத்தின் கால். காசு போவது கட்டட ஓனர் பைக்கு. சூப்பர் மார்க்கெட் அதைத் தாங்கும். ஜிப்புக்காரர் தாங்க மாட்டார்.

அவருக்குத் தொழில் பை, பெட்டி ரிப்பேர். கல்யாணமான வருஷம் பிடித்த கடை. மனைவி தையல் மெஷினில், அவர் தரையில். வாயில் எப்போதும் நாலு ஜிப் ரன்னர் ஒதுக்கியிருப்பார். அதனால் அவர் திட்டினாலும் யாருக்கும் உறைக்காது.

பக்கத்துக் கடை காலியாகக் கிடந்தது. அதற்கு எதிரே ஒரு பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அதைத் தாண்டும் ஒவ்வொரு ஆளுக்கும் கையிலிருந்த எண்ணும் கருவியின் பொத்தானை அமுக்கினாள். மனைவியின் தம்பி போய்ப் பேச்சுக் கொடுத்து, கம்பெனி கணக்கை அறிந்து வந்தான்.

ஜிப்புக்காரர் ரன்னர்களைத் துப்பினார். "அப்ப அந்தப் பக்கம் ஒருத்தனும் நடக்கக் கூடாது."

"மறியலா பண்ணப் போறீங்க மாமா?"

மறியல் தேவைப்படவில்லை. கடைக்குப் பின்கதவு உண்டு. திறந்தால் சந்து, சந்து முடிந்தால் பஸ் ஸ்டாப். மறுநாள் மச்சினன் தெருமுனையில் நின்று, இதுதான் குறுக்குவழி என்று எல்லோரையும் அக்கா கடைக்குள் அனுப்பினான். ஜனம் முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போனது. ஒரு தம்பதி பெட்டிகளுக்கு நடுவே நின்று சண்டையை முடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் சைக்கிளோடு வந்து மணி அடித்தார். மனைவி மெஷினிலிருந்து காலை மடக்கி வழிவிட்டார். ஒரு ஜிப்கூட ரிப்பேருக்கு வரவில்லை. எதிரே பொத்தானுக்கு வேலை இல்லை. ஜிப்புக்காரர் விசிலடித்தார்.

சாயங்காலம் கம்பெனி அதிகாரி, கட்டட ஓனரோடு வந்தார். காலிக் கடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜிப்புக்காரரின் கடைக்குள் நுழைந்தார், பின்பக்கம் போனார், சுற்றிக்கொண்டு வந்து மறுபடி நுழைந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

மனைவிக்குப் பயம் பிடித்தது. "யாரும் ஒண்ணும் வாங்கலீங்க. சும்மா தாண்டிப் போறாங்க."

"தாண்டிப் போறவங்கதாம்மா எங்களுக்கு வேணும்," என்றார் அதிகாரி. காலிக் கடைக்குப் பின்கதவு கிடையாதாம். இதற்கு உண்டாம்.

ஓனர் நல்ல மனிதர். பழகிய ஆள், வெளியே போ என்று சொல்ல மாட்டார். "அவங்க குடுக்கறத நீங்களும் குடுத்துட்டு இங்கயே இருங்க," என்றார்.

ஜிப்புக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு எவ்வளவு என்று கேட்டார். அதுவரை அவர் கொடுத்துவந்தது ஆறாயிரம்.

முப்பத்து நாலாயிரம்.