ரோசலின் சிஸ்டர்: நேரில் போய்ப் பார்த்தவர்

ஞாயிறு காலை மஞ்சூரிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். "டாக்டருங்களா? நான் ரோசலின் சிஸ்டரோட தங்கச்சி ஜெசிங்க. அக்கா சர்ச்சுக்குக் கெளம்பறப்ப நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள தவறிட்டாங்க." அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே நாலு முறை எழுந்துவிட்டேன்.

குன்னூரில் ஓர் ஆய்வில் நர்ஸான அவரும் நானும் பதினோரு ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். கருப்பைவாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெண்களில், யாருக்கு நோய் திரும்பும் என்பதைக் கட்டியிலுள்ள சில புரதங்கள் முன்கூட்டியே சொல்லுமா என்பதுதான் கேள்வி. கோவையிலிருந்து திசு வரும். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். எனக்குத் தெரிவது எண் மட்டும். பெயரும் விலாசமும் சிஸ்டரிடம் இருக்கும். ஆண்டுக்கொருமுறை அந்தப் பெண்களைப் பார்த்து, அவர்கள் நிலையைப் பதிவேட்டில் எழுதுவது அவர் பொறுப்பு. ஆய்வு முடியும்வரை ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரிடம் சொல்லக் கூடாது.

போனில் கேட்டு எழுதினால் என்ன என்று ஆரம்பத்தில் எரிந்து விழுந்தேன். "போன்ல எல்லாரும் நல்லா இருக்கேன்னுதானுங்க சொல்லுவாங்க. எந்திரிச்சு வந்து கதவைத் தொறக்கறதைப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்றார். குந்தாவுக்கும் அரவேணுவுக்கும் பஸ் மாறி மாறிப் போவார். வீட்டில் ஆளில்லை என்றால் கொழுந்து பறிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு, கால் நிறையச் சேறோடு திரும்புவார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதம் லீவ் போட்டார். தங்கை வீட்டு விசேஷம் என்றார். திரும்பி வந்தபோது இளைத்திருந்தார். நான் கேட்கவில்லை. சில வாரம் கழித்து, டீ கொண்டு வந்து வைத்தவர், "ஏனுங்க டாக்டர், நாப்பத்தொண்ணு எப்படிங்க இருக்குது?" என்றார். அதுவரை எந்த எண்ணைப் பற்றியும் கேட்டவரில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புரதம் கூட்டத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்லும், தனி ஒருத்தியைப் பற்றிச் சத்தியம் செய்யாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மேதாவித்தனம் விடவில்லை. "முழுக்கப் பழுப்பு. ரெண்டு வருஷம் தாங்கினா அதிகம்" என்றேன். "சரிங்க" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். டம்ளர் பாதிகூடக் காலியாகவில்லை.

அதிலிருந்து மூன்றாம் ஆண்டு சிரித்துக்கொண்டே வந்தார். "உங்க நாப்பத்தொண்ணு நல்லா இருக்குதுங்க." நான் நம்பவில்லை. சரியான ஆளைத்தான் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பாக்காம எழுதுவனுங்களா? இன்னிக்குக் காலைலகூடப் பாத்தனுங்க" என்றார். அதன்பின் ஆண்டு தவறாமல் இந்தக் கேலி நடந்தது. எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், உள்ளூர நிம்மதியாகவும் இருக்கும்.

அந்த ஞாயிறு மதியமே மஞ்சூர் போனேன். ஜெசி கதவைத் திறந்தார். "அக்காவுக்குக் கோவையில கேன்சர் ஆபரேசன் ஆனது உங்களுக்குத் தெரியுமுங்களே? ஏழு வருசமாச்சு. அப்பறம் ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றார். எனக்குத் தெரியாது. ஆய்வுப் பதிவேடு இருந்த பையை என்னிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றுக்கு நேரே சிஸ்டரின் பெயரும், நான் நின்றுகொண்டிருந்த வீட்டின் விலாசமும் இருந்தன.

காலையில் தலை வாரும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறார். நான் போகிறபோக்கில் விதித்த கெடுவைச் சுமந்துகொண்டுதான் அத்தனை மலைப்பாதைகளிலும் பஸ் ஏறியிருக்கிறார். முதல் இரண்டு ஆண்டுகள் எப்படித் தூங்கினார்? அந்தக் கேலி மன்னிப்பா, தண்டனையா? யாரிடம் போய்க் கேட்பேன்? வெட்கமாக இருக்கிறது.

இந்த ஆண்டுக்கான கட்டம் காலியாக இருந்தது. கூடத்தில் கிடத்தியிருந்த அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தேன். பிறகு எழுதினேன்: "மாரடைப்பால் காலமானார். நோய் திரும்பவில்லை."

போய் வாருங்கள், சிஸ்டர். போனில் கேட்டு எழுதவில்லை. நேரில் வந்து பார்த்துத்தான் எழுதினேன்.